உச்சி வெயிலில் நின்ற விசிறிகள்

விசிறிச் சத்தம் நின்றது. அரிவாள்மனையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சௌந்திரத்தின் கையும் நின்றது.

இரவு பகல் ஓயாத சத்தம் அது. விருந்துக்குப் புதிதாக வரும் ஒறம்பரைக்காரர்கள்தான் இதென்ன இரைச்சல் என்று காதைப் பொத்துவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது கேட்கவே கேட்காது, நின்றால்தான் உறைக்கும். இப்போது உறைத்தது. வேப்பமரத்துக் காக்கையும், நாமக்கல் சாலையில் ஏதோ ஒரு லாரி கியர் மாற்றுவதும் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டன. சௌந்திரம் மனையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள். அக்கினி நட்சத்திர வெயிலில் வாசல் மண் பொரிந்துகொண்டிருந்தது. செருப்பு மாட்ட நேரமில்லை.

புதுச்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் இருந்தது அவர்களுடைய கோழிப்பண்ணை. பழைய திறந்த கொட்டகை இல்லை, நாலு பக்கமும் அடைத்த புது ஷெட். ஒரு கோடியில் சுவர் முழுக்க ராட்சத விசிறிகள், மறு கோடியில் தண்ணீர் வழியும் அட்டைகள். விசிறி காற்றை இழுக்க இழுக்க, ஈர அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெளியே நெருப்பாகக் காய்ந்தாலும் உள்ளே கோழி சுகமாக முட்டையிடும். விசிறி ஓடுகிறவரைக்கும் இந்தச் சுகம். நின்றுவிட்டால் அந்த ஷெட் மூடி போட்ட இட்லிப் பானைதான். கோழிக்கு வேர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், றெக்கையை விரிக்கும், அப்புறம் கழுத்தைத் தொங்கப் போடும். முப்பதாயிரம் கோழி. அரை மணி நேரம் கூட ஆகாது என்று மாத்திரை மருந்து தர வருகிற டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சௌந்திரம் போய்ச் சேர்ந்தபோது மாரியாயி ஏற்கெனவே பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தாள். முட்டை பொறுக்கவும் தீவனம் பார்க்கவும் அந்தப் பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவள் மாரியாயி. நாற்பதைத் தொடாத வயது, பேச்சு குறைவு, கை வேகம்.

"காத்து அசையவே இல்லீங்க்கா. கதவத் தொறந்தாலும் உள்ளாற வர மாட்டேங்குது" என்றாள்.

சௌந்திரம் உள்ளே எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கூண்டுகள், அத்தனையிலும் திறந்த அலகுகள். கொக்கரிப்பு இல்லை. 'ஹா ஹா' என்று இரைக்கிற ஒரே சத்தம், ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்.

வெளியே அவள் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி சோலார் பெட்டியை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தலைக்கு மேலே, ஷெட்டின் கூரை நெடுக, கண்ணைப் பறிக்கிற வெயிலில் சோலார் தகடுகள் பளபளத்துக்கொண்டு கிடந்தன.

"இவ்வளவு வெயிலடிக்குது, என்ன கேடு இதுக்கு! மண்டையப் பொளக்குற வெயிலு!" என்று பெட்டியோடு சண்டை போட்டார்.

வெள்ளியங்கிரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால், திறந்த கொட்டகையாக இருந்தபோது, ஒரே வாரத்து வெயிலில் பாதிக் கோழி போயிற்று. பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். வெயில் இனிமேல் வருஷா வருஷம் ஏறத்தான் செய்யும், அடைத்த ஷெட்டுக்கு மாறுங்கள் என்றார் டாக்டர். மாறினார். கரண்ட் பில்லைப் பார்த்து மயக்கம் வந்தது. அப்போதுதான் சேலம் அஸ்தம்பட்டியில் சோலார் ஆபீஸ் வைத்திருக்கும் நவீன்குமார் வந்து சேர்ந்தான். பேச்சில் தேன் ஒழுகும் பையன், பொய்யும் சொல்ல மாட்டான். நம் நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது, மின்சாரம் எடுக்க நிறுவியிருக்கும் திறனில் பாதியை நிலக்கரி இல்லாமல் ஆக்குவோம் என்று சொன்னதை ஐந்து வருடம் முன்னதாகவே தொட்டுவிட்டோம், நீங்களும் அதில் ஒரு ஆளுங்கண்ணா என்றான். வெள்ளியங்கிரிக்கு நெஞ்சு இன்னும் ஒரு சாண் அகலமாயிற்று. தகடு மாட்டி, பகலில் மிஞ்சுகிற கரண்டைக் கம்பி வழியாக ஊருக்கே அனுப்ப ஆரம்பித்ததும், டீக்கடையில் அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே! மேட்டூர் அனல் நிலையத்தையே தான்தான் தாங்கிப் பிடித்திருப்பதைப் போலப் பேசினார்.

பேசிவிட்டுப் போகட்டும். நல்ல காரியம்தான், பில்லும் குறையும். பேசியதோடு நிற்காமல், டீசல் ஜெனரேட்டரைத் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். சூரியன் இருக்கும்போது கரண்டுக்கு என்ன பஞ்சம் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார், யாரையும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் கரண்டும் லைன் கரண்டும் ஒன்றோடொன்று சேராமல் மாற்றிவிடுகிற சுவிட்ச் ஒன்று உண்டு. அதையும் அந்த ரிக்காரர் கழற்றிக்கொண்டு போனார். போன வாரம் வெயில் தாங்காமல் மெயின் சுவிட்ச் கருகியது. புதுசு வர நாளாகும் என்று எலக்ட்ரீசியன் சுவிட்சைத் தள்ளிவிட்டு கேபிளைக் கேபிளோடு சேர்த்து நட்டுப் போட்டு முறுக்கி, டேப் சுற்றி, "டைரக்டா போட்டுட்டேனுங்க" என்று விட்டுப் போனார். நம் பக்கம் இது புதிதில்லை. ரிப்பேர் என்றால் டைரக்ட். விசிறி ஓடுகிறது, அப்புறம் என்ன?

இந்த மூன்று காரியமும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒன்று சேரப்போவது இந்த மத்தியானம்தான் என்று யாருக்கும் தெரியாது. தகடு மாட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இடையில் இரவில் ஒரு தடவை கரண்ட் போனபோது குளிர்ந்த காற்றுக்குக் கதவைத் திறந்து வைத்துச் சமாளித்தார்கள். வெயிலில் கரண்ட் போவது இதுதான் முதல் தடவை.

சௌந்திரம் லைன்மேனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. லைன்மேன் வேறு யாருமில்லை, மாரியாயியின் புருஷன் தங்கமுத்துதான்.

"எடுக்க மாட்டாருங்க்கா" என்றாள் மாரியாயி, குடத்துத் தண்ணீரைக் கூண்டின் மேல் வாரி இறைத்துக்கொண்டே. "நம்ம டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த கம்பத்துல கம்பி இணைப்பு கருகிப் போச்சாம். அதுக்குத்தான் இப்ப வண்டில போனாரு. கம்பத்து மேல ஏறிட்டா போன வண்டிப் பையிலயே போட்டுருவாரு."

"எவ்வளவு நேரமாகும்?"

"தெரியலீங்களே."

நாட்டில் தகடு புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கிறது. கம்பி மட்டும் எந்தக் காலத்துக் கம்பியோ! நடுப்பகல் சூட்டில் தொய்ந்து, இணைப்பு இணைப்பாகக் கருகி விழுகிறது. அதற்கு ஒரு தங்கமுத்து ஏற வேண்டியிருக்கிறது.

சௌந்திரம் நவீன்குமாரைக் கூப்பிட்டாள். அவன் உடனே எடுத்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினான்.

"அக்கா, அது பழுதில்லீங்க. லைன்ல கரண்ட் இல்லைன்னா சோலாரும் தானா நின்னுரும். அப்படித்தான் செஞ்சிருக்குது. இல்லைன்னா உங்க தகடு கரண்ட கம்பில அனுப்பிட்டே இருக்கும். கம்பத்துல வேல பாக்கறவரு உசுரு போயிரும். உங்ககிட்ட ஜெனரேட்டர் இருக்குதுல்லீங்க?"

"வித்துப்போட்டோம் தம்பி."

வெள்ளியங்கிரி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்தா தம்பி, பக்கத்துக் காட்டுல வெங்கடாசலம் பந்தலு மைக்செட்டு வாடகைக்கு உடறாப்ல. சின்ன ஜெனரேட்டரு டிராக்டர்லயே நிக்குது. என்ற விசிறி அத்தனையும் அது இழுக்காது. ஆனா அதை இங்க குடுத்தா, லைன்ல கரண்ட் வந்துருச்சுன்னு உன்ற பெட்டி நம்பிக்கும்ல? சோலார் எந்திரிச்சிக்கும்ல?"

நவீன்குமார் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்ல வராத பையன் என்றேனே.

"எந்திரிக்கலாமுங்கண்ணா. ஆனா லைன மொதல்ல பிரிக்கோணும். மெயின் சுவிட்ச ஆப் பண்ணிட்டுத்தான்..."

"மெயின் டைரக்டுல கெடக்குது."

"ஐயோ! அப்படின்னா தொடவே தொடாதீங்கண்ணா! கரண்டு டிரான்ஸ்பார்மர் வழியாத் திரும்பி மேல ஏறிரும். ஆயிரக்கணக்கான வோல்ட்டுல ஏறுமுங்க. கம்பத்துல யாராச்சும் இருந்தா கரிக்கட்டையாயிருவாங்க!"

ஸ்பீக்கரில் வந்த அந்தச் சொல் மூன்று பேர் காதிலும் விழுந்தது. மாரியாயி குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு குடத்தை எடுத்துத் தொட்டியில் அமிழ்த்தினாள். குடம் நிரம்பி வழிந்த பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷெட்டுக்குள் பொத்தென்று ஏதோ விழுந்தது. முதல் வரிசையில் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட ஆரம்பித்திருந்தன.

வெள்ளியங்கிரி வெங்கடாசலத்துக்குப் போன் போட்டு டிராக்டரை ஓட்டி வரச் சொன்னார். சௌந்திரம் அவர் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? மேல தங்கமுத்து இருக்காரு."

"இருந்தா? அவனென்ன நேத்துப் பொறந்தவனா? கம்பில சங்கிலி கிங்கிலி மாட்டி எர்த் குடுத்து பந்தோபஸ்து பண்ணீட்டுத்தான் ஏறியிருப்பான்."

மாரியாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"முந்தியெல்லாம் ஏறறதுக்கு முன்னால உங்களுக்குப் போன் பண்ணி ஜெனரேட்டரப் போட்டுராதீங்கன்னு சொல்லுவாருங்க. இன்னிக்குப் பண்ணல. வித்தாச்சுன்னு அவருக்குத் தெரியுமுங்க. அந்த நம்பிக்கையில ஏறியிருப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, "எறங்கிட்டேன்னு அவரு சொல்லட்டுமுங்களே" என்றாள்.

"சொல்ற வரைக்கும் கோழி உசுரோட இருக்குமா? நீயே பாரு, நீயே பாரு!" வெள்ளியங்கிரி கத்தினார். கத்தியது அவள் மேல் இல்லை, பயத்தில். ஷெட்டுக்கு வாங்கிய கடன், தகட்டுக்கு வாங்கிய கடன், எல்லாம் அந்தக் கூண்டுகளுக்குள் இரைத்துக்கொண்டு கிடந்தது. இது போனால் இன்னொரு தடவை எழுந்திருக்கிற வயசில்லை அவருக்கு.

சௌந்திரத்துக்கும் அது தெரியும். அதனால்தான் அவளாலும் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கோழி செத்தால் சாகட்டும் என்று வாசலில் குறுக்கே படுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த இரைப்புச் சத்தம் அவளை யோசிக்க விடவில்லை. அவள் வேறொரு வழியைப் பிடித்தாள்.

"டிரான்ஸ்பார்மர்ல நம்ம பியூஸ் கட்டை மூணையும் புடுங்கிட்டா லைன் பிரிஞ்சுரும்ல? நான் போயி புடுங்கறேன். போன் பண்றேன். அதுக்கப்புறம் போடுங்க. அதுக்கு முன்னால போட்டீங்கன்னா..."

"சரி, சரி. நீ சொல்ற வரைக்கும் போட மாட்டேன். ஓடு!"

"என்ற தலைல அடிச்சுச் சொல்லுங்க."

அடித்துச் சொன்னார். அவள் தன் போனை வாங்கி இடுப்பில் செருகி, அவருடைய பெரிய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு டிரான்ஸ்பார்மர் கட்டையைப் பிடுங்கி மாட்டுவது பம்பு செட்டுக்குப் போய்வருகிற மாதிரி சாதாரணம். சௌந்திரத்துக்கு அப்படி இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது சித்தப்பா மகன் ஒருவன் கட்டை மாட்டப் போனான். கரண்ட் அடித்தவனைத் தூக்கி வரும்போது அவன் விரல்கள் விரியவே இல்லை. அதிலிருந்து வீட்டில் மிக்ஸி சுவிட்சைப் போடக்கூட அவள் செருப்பைத் தேடுவாள். அப்படிப்பட்டவள் இப்போது மரவள்ளிச் செடிகள் முழங்கையில் கீற, செருப்பு தடுக்கி விழுந்து எழுந்து, டிரான்ஸ்பார்மரைப் பார்த்து ஓடினாள். சாமி, சாமி, சாமி என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது. எந்தச் சாமி என்று அதற்குத் தெரியவில்லை.

டிரான்ஸ்பார்மர் வரப்போரத்தில் இரட்டைக் கம்பத்தில் நின்றது. அதற்கு அடுத்த கம்பத்தின் உச்சியில், குறுக்குச் சட்டத்தில் காலைப் பின்னிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி தங்கமுத்து உட்கார்ந்திருந்தார். தலையில் மஞ்சள் தொப்பி. கம்பி அவர் மார்புக்கு நேரே போயிற்று.

"தங்கமுத்து! கம்பியத் தொடாதீங்க! எறங்குங்க!" என்று அடித்தொண்டையில் கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டினார். "இதா ஆச்சுங்க்கா! முடிஞ்சுது, முடிஞ்சுது!" கரண்டுக்கு அவசரப்படுத்த வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தானே வருவார்கள்.

திரும்பவும் கத்திக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. கட்டைப் பெட்டியின் தகரக் கதவைத் திறந்தாள். மூன்று பீங்கான் கட்டைகள். சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். லைன்தான் செத்துக் கிடக்கிறது, ஒன்றும் ஆகாது என்று அறிவு சொல்லிற்று. விரல் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டையை இழுத்தாள். வந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவில்லை. துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டினாள், திருகினாள், காலைக் கம்பத்தில் உதைத்து இழுத்தாள்.

அப்போது பண்ணைப் பக்கமிருந்து டொப டொப டொபவென்று ஒரு சத்தம் கிளம்பியது. அதன் பின்னாலேயே, மெல்ல, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த இரைச்சல். விசிறிகள்.

சௌந்திரத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பாடா, ஓடுது, பிழைச்சுக்கும் என்றுதான் அவள் மனசு குதித்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அப்புறம் அவள் முகத்துக்கு நேரே, அதுவரைக்கும் கல்லாக நின்றிருந்த டிரான்ஸ்பார்மர் 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தது.

போடமாட்டேன் என்று தலையில் அடித்துச் சொன்னவர் போட்டுவிட்டார்.

அவள் மேலே பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று தெரியும். முந்தானை எங்கே நழுவிற்றோ, வெறும் கையால் கட்டையைப் பிடித்தாள். உடம்பு முழுக்க "விடு, விடு" என்று அலறியது. இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு இழுத்தாள். பளீரென்று நீல வெளிச்சம். சாட்டை சொடுக்குகிற சத்தம். அவள் மல்லாந்து வரப்பில் விழுந்தாள். கட்டை அவள் மேலேயே விழுந்தது.

முனகல் நின்றது.

கண்ணைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கருகிய வாடை வந்தது. எதுவோ கருகியிருக்கிறது. எது என்று பார்க்க வேண்டும், பார்க்கத் தைரியமில்லை. தங்கமுத்துவின் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பையோடு பண்ணை வாசலில் அம்மாவுக்காகக் காத்து நிற்கிற காட்சி, கேட்காமலேயே வந்து நின்றது. மாரியாயியின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"ஏனுங்க்கா! என்ன சத்தம்? உழுந்துட்டீங்களா?"

மேலிருந்து குரல் வந்தது. சௌந்திரம் கண்ணைத் திறந்தாள். தங்கமுத்து சட்டத்தில் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் துண்டு. வேர்வையைத் துடைப்பதற்காகக் கம்பியிலிருந்து கையை எடுத்திருக்கிறார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, நெற்றியை, கழுத்தை, காதுக்குப் பின்னால் என்று சாவகாசமாகத் துடைத்திருக்கிறார். அந்தத் துடைப்புக்கு நடுவில்தான் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

"பழைய கட்டைங்க தங்கமுத்து. இழுத்தேன், சறுக்கிட்டுது" என்று சொல்வது தன் குரல்தான் என்று அவளுக்கே நம்பிக்கையில்லை. வலது கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"ஜெனரேட்டர் சத்தம் கேக்குது? வித்தாச்சுன்னு சொன்னாப்ல?"

"வாடகைக்கு... வெங்கடாசலத்துது. லைன் பிரிச்சுட்டுத்தான் போட்டோம். மூணு கட்டையும் புடுங்கியாச்சு."

"நல்ல காரியம் பண்ணுனீங்க்கா. இந்த யோசன எல்லாத்துக்கும் வராதுங்க" என்று சிரித்தார் தங்கமுத்து. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி, இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்து முறுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பிடியைப் பார்க்க முடியாமல் சௌந்திரம் மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி, குத்துக்கால் வைத்து, வாந்தியெடுத்தாள். மூன்று கட்டைகளையும் மடியில் அள்ளிக்கொண்டாள். அவை இங்கே இருந்தால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்ற பயம்.

பண்ணைக்கு வந்தபோது விசிறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சோலார் பெட்டியில் பச்சை விளக்கு. உள்ளே செத்த கோழிகள் கொஞ்சம் இருந்தன, மற்றவை அலகை மூடத் தொடங்கியிருந்தன. வெள்ளியங்கிரி வெங்கடாசலத்தின் தோளைத் தட்டிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் பூரித்துப் போனார்.

"பாத்தியா? எந்திரிச்சிக்கிச்சு! சூரியன் குடுக்குது, நாம வாங்குறோம். இனிமே கரண்ட் போனா இப்படித்தான்!"

சௌந்திரம் அவர் பக்கத்தில் போய், வெங்கடாசலத்துக்குக் கேட்காமல், "நான் போன் பண்ணலையே" என்றாள்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கறது? நீ போயி அத்தன நேரமாச்சு, புடுங்கியிருப்பீன்னு போட்டேன். ஒண்ணும் ஆகலையில்ல? அப்புறமென்ன?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் முகத்தில் கள்ளம் இல்லை. ஒன்றும் ஆகவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை. நாளைக்கும் வெயிலடிக்கும், நாளைக்கும் எங்கேயாவது ஒரு இணைப்பு கருகும், அன்றைக்கும் இவர் இதே கையால் போடுவார்.

மாரியாயி தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் மூச்சு வாங்கும் ஒரு கோழி. அதன் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டே சௌந்திரத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு...?"

"நல்லா இருக்காரு மாரியாயி. பேசிட்டுத்தான் வாரேன்."

மாரியாயி கண்ணை மூடித் திறந்தாள். கோழியைக் கூண்டுக்குள் பத்திரமாக விட்டாள். பிறகு, "நீங்க கட்டையப் புடுங்குன பொறகுதானுங்க்கா போட்டாங்க?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இவள் போய்விடுவாள். இவள் புருஷன் நாளைக்கு ஆபீசில் சொல்வார். கரண்ட் சர்வீஸைப் பிடுங்குவார்கள், போலீஸ் வரும், ஊர் பேசும். இத்தனையும் ஒரு நொடியில் சௌந்திரத்தின் தலைக்குள் ஓடிற்று. சற்று முன்பு ஒரு மனிதனுடைய உயிருக்காக நெருப்பைப் பிடித்து இழுத்த அதே பெண்ணுக்கு இப்போது ஒரு சொல்லை எடுக்கப் பயம்.

"ஆமா. புடுங்குன பொறகுதான்" என்றாள்.

மாரியாயிக்குக் கண் நிறைந்தது. "நீங்க ஓடலைன்னா..." என்று நெகிழ்ந்துபோய்ச் சௌந்திரத்தின் வலது கையைப் பிடித்தாள். சௌந்திரம் 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்தாள். மாரியாயி கையைத் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. விரல்களில் கரி. தோலுக்குள் பொடிப்பொடியாகச் செம்புத் தெறிப்புகள் பதிந்து மினுங்கின.

லைன்மேனுக்கு வாக்கப்பட்ட பெண் அவள். இந்தக் காயத்தை அவள் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஊசியால் செம்பை நோண்டி எடுத்து மருந்து போட்டிருக்கிறாள். எப்படி வருகிறது, எப்போது வருகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு அதை மெதுவாக, வலிக்காத மாதிரி, தொட்டித் தண்ணீரில் இறக்கி விட்டாள்.

"கரண்டு இல்லாத கட்டை கையச் சுடாதுங்க்கா" என்றாள்.

மாரியாயி வெள்ளியங்கிரியை ஒருமுறை பார்த்தாள். அவர் வெங்கடாசலத்திடம் நாடு எங்கேயோ போய்விட்டது என்று கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஷெட்டைத் தாண்டி, மரவள்ளிக் காட்டு வழியாகக் கம்பத்தைப் பார்த்து நடந்தாள். நடை ஓட்டமாயிற்று.

"ஏ மாரியாயி, எங்க போற? செத்ததெல்லாம் எடுத்துப் போடோணும், வேல கெடக்குது!" என்று வெள்ளியங்கிரி கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. மரவள்ளிச் செடிகள் தோள் உயரத்துக்கு இருந்தன, சீக்கிரமே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்றிருந்தது சௌந்திரத்துக்கு. கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.